மத்திய அரசு ஊழியரின் மேற்படிப்பு: கல்வி விடுப்பு, ஊக்கத்தொகை, அரசு நிதியுதவி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஞ்சல், வருமான வரி, சுங்கம், கணக்குத் தணிக்கை, புள்ளியியல், தொல்லியல் போன்ற துறைகளில் பணியாற்றிக்கொண்டே படிப்பைத் தொடர விரும்பும் மத்திய அரசு ஊழியர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றின் அடிப்படை, மத்திய குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகள், 1972. பணியாளர் மற்றும் பயிற்சித் துறை வெளியிட்ட ஆணைகளும் தேவையான இடங்களில் விளக்கப்பட்டுள்ளன.

மேற்படிப்புக்கு அரசு உதவித்தொகை தருகிறதா?

கல்லூரி மாணவருக்கு வழங்கப்படுவதைப் போன்ற உதவித்தொகை பெரும்பாலான ஊழியர்களுக்கு இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. சம்பளம் நிற்காமல், பணிமூப்பு குறையாமல், படிப்பதற்கென்றே இரண்டு ஆண்டுகள் வரை விடுப்புப் பெற விதிகள் இடமளிக்கின்றன. இதுவே கல்வி விடுப்பு. இதைத் தவிர, விடுப்பு எடுக்காமல் சொந்தச் செலவில் படித்துத் தேறியவருக்கு ஒருமுறை வழங்கப்படும் ஊக்கத்தொகையும், கட்டணத்தையும் அரசே ஏற்கும் தேர்வு முறையிலான திட்டங்களும் உள்ளன. கடைசியாகச் சொன்னவை பெரும்பாலும் உயர் அதிகாரிகளுக்கே எட்டுகின்றன. எழுத்தருக்கும் ஆய்வாளருக்கும் உண்மையில் பயன்படக்கூடியவை முதல் இரண்டும்தான் என்பதால், இங்கே அவையே விரிவாகப் பேசப்படுகின்றன.

இந்த விதிகள் எல்லா அரசு ஊழியர்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. ரயில்வே ஊழியர்களுக்குத் தனி விதித்தொகுப்பு உள்ளது. இந்திய ஆட்சிப் பணி, காவல் பணி, வனப் பணி ஆகிய அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கு 1960-ஆம் ஆண்டின் கல்வி விடுப்பு ஒழுங்குமுறைகள் பொருந்தும். தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டவர்கள். எனவே இங்கே சொல்லப்படும் கால அளவுகளையும் தொகைகளையும் மாநில அரசு ஊழியர்கள் தமக்கு உரியவையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்வி விடுப்புப் பெற என்ன தகுதி வேண்டும்?

தகுதிகாண் பருவத்தை நிறைவாக முடித்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தையும் சேர்த்து, தொடர்ச்சியான முறைப்படியான பணி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறும் வயதை எட்டுபவராக இருக்கக் கூடாது. திரும்பி வந்தபின் மூன்று ஆண்டுகள் அரசுப் பணியில் நீடிப்பதாக ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்களுக்கு இந்தக் கட்டாயப் பணிக்காலம் ஐந்து ஆண்டுகள்.

இவை எல்லாம் இருந்தும் விடுப்பு மறுக்கப்படலாம். அலுவலகப் பணியின் தேவையைக் கருத்தில் கொண்டே விடுப்பு வழங்கப்படும் என்று விதியே சொல்கிறது. ஒரே பிரிவில் இருவர் ஒரே ஆண்டில் விண்ணப்பித்தால் ஒருவர் காத்திருக்க நேரிடுவது இயல்பு. அதனால் சேர்க்கை உறுதியான பிறகு மேலதிகாரியிடம் செய்தி சொல்வதைவிட, நுழைவுத் தேர்வு எழுதும் கட்டத்திலேயே எழுத்து மூலம் தெரிவித்து வைப்பது நல்லது.

எந்தப் படிப்புக்கு விடுப்பு கிடைக்கும்?

விண்ணப்பங்கள் அதிகமாகத் தட்டுத் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். ஊழியரின் பணித்துறையோடு நேரடியான, நெருக்கமான தொடர்புடைய உயர்கல்வி அல்லது தொழில்நுட்பப் பயிற்சி என்பதே விதியின் முதல் நிபந்தனை. அந்தப் படிப்பால் பொதுநலன் நோக்கில் அரசுக்குத் திட்டவட்டமான பயன் உண்டு என்று விடுப்பு வழங்கும் அதிகாரி சான்றளிக்க வேண்டும். வருமான வரித் துறை ஆய்வாளர் ஒருவர் நிதி மேலாண்மையோ தரவு அறிவியலோ படிக்க விரும்பினால் தொடர்பை நிறுவுவது எளிது. புள்ளியியல் அலுவலக ஊழியர் பொருளியலில் முதுகலை படிப்பதும் அப்படியே.

நேரடித் தொடர்பு இல்லாத படிப்புக்கும் விதி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஊழியரின் பார்வையை விரிவாக்கி, அரசுப் பணியாளர் என்ற முறையில் அவருடைய திறனை மேம்படுத்தக்கூடிய படிப்பாக இருந்தால் அதையும் பரிசீலிக்கலாம். இந்தப் பகுதி இருப்பதே பல அலுவலகங்களில் நினைவுக்கு வருவதில்லை. விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிட்டு, படிப்பின் பாடத்திட்டத்தையும் தம்முடைய பணிப் பொறுப்புகளையும் அருகருகே வைத்து, எந்தப் பாடம் எந்த வேலைக்கு உதவும் என்று இரண்டு பக்கத்தில் எழுதி இணைப்பவருக்குச் சாதகமான முடிவு கிடைக்கும் வாய்ப்பு கூடும். ‘மேற்படிப்பு படிக்க விரும்புகிறேன்’ என்ற ஒற்றை வரியோடு போகும் விண்ணப்பத்தைப் பரிந்துரைக்க நல்லெண்ணம் கொண்ட அதிகாரியாலும் முடியாது, ஏனெனில் பயன் உண்டு என்று சான்றளித்துக் கையெழுத்திட வேண்டியவர் அவர்.

வெளிநாட்டில் படிப்பதானால் இன்னொரு தடை உண்டு. போதுமான வசதி இந்தியாவிலேயே இருக்கும் பாடத்துக்கு வெளிநாட்டுக் கல்வி விடுப்பு வழங்கப்படுவதில்லை.

எம்.ஏ. தமிழ் படிக்கக் கல்வி விடுப்பு கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. வெறும் ஏட்டுக்கல்வி சார்ந்த பாடங்களுக்கும் இலக்கியப் பாடங்களுக்கும் கல்வி விடுப்பு இல்லை என்று விதி வெளிப்படையாக விலக்குகிறது. ஊக்கத்தொகைக்கும் இதே விலக்கு உண்டு. தமிழுக்கென்று தனியாக வைத்த தடை இது அன்று. இந்தி, ஆங்கில இலக்கியங்களுக்கும் இதுவே நிலை.

எனினும் படிப்பின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வது நியாயமாகாது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் பணியாற்றுபவர் தமிழ்க் கல்வெட்டியலில் ஆழ்ந்த பயிற்சி பெறுவதை இலக்கிய ஆர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது. சோழர் கால எழுத்தைப் படித்துப் படியெடுப்பதே அவருடைய அன்றாட வேலை. அது தொழில்முறைப் பயிற்சி. இத்தகைய விண்ணப்பங்களில் பாடத்தின் தன்மையைத் தெளிவாக விளக்குவது இன்றியமையாதது. வேலைக்கு வெளியே தமிழ் படிக்க விரும்புவோருக்கு, 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் விடுப்பே தேவைப்படாத வழிகள்.

எவ்வளவு காலம் விடுப்பு எடுக்கலாம்?

ஒரு தடவைக்குச் சாதாரணமாக 12 மாதங்கள். பணிக்காலம் முழுவதிலும் மொத்தம் 24 மாதங்கள். முதுநிலை மருத்துவம் படிக்கும் மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்களுக்கு 36 மாதங்கள் வரை உண்டு. கல்வி விடுப்பை ஈட்டிய விடுப்பு முதலிய பிற விடுப்புகளோடு சேர்த்து எடுக்கலாம். அப்படிச் சேர்க்கும்போது, சம்பளமில்லா அசாதாரண விடுப்பைக் கணக்கில் கொள்ளாமல், மொத்தம் பணியில் இல்லாத காலம் பொதுவாக 28 மாதங்களையும் முனைவர் பட்டப் படிப்புக்கு 36 மாதங்களையும் தாண்டக் கூடாது.

கல்வி விடுப்பு ஊழியரின் விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான நாள்கள் ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்திருப்பவர், படிக்கப் போனால் அது கரைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

விடுப்புக் காலத்தில் என்ன சம்பளம் வரும்?

இந்தியாவில் படிப்பவருக்கு, விடுப்பில் செல்வதற்கு முன் கடைசியாகப் பெற்ற ஊதியமும் அகவிலைப்படியும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி முதல் 180 நாள்களுக்குக் கிடைக்கும். அதன்பின் தொடர்வதற்கு உரிய சான்றிதழ் அளிக்க வேண்டும். வெளிநாட்டில் படிப்பவருக்கு இவற்றோடு, அந்தந்த நாட்டுக்கு ஏற்ற படிப்புப்படியும் உண்டு. இந்தியாவில் படிப்பவருக்கு அந்தப் படி இல்லை. கல்விக் கட்டணம், பயணச் செலவு ஆகியவற்றைச் சாதாரணமாக ஊழியரே ஏற்க வேண்டும்.

முழுச் சம்பளம் பெற, தமக்கு வேறு உதவித்தொகையோ பகுதிநேர வேலை வருமானமோ இல்லை என்று ஊழியர் சான்றளிக்க வேண்டும். தவறான சான்று ஒழுங்கு நடவடிக்கைக்கு இட்டுச் செல்லும் என்பதால், கல்லூரியில் பகுதிநேரமாக வகுப்பெடுத்துப் பெறும் சிறு தொகையையும் மறைக்காமல் தெரிவிப்பதே பாதுகாப்பு.

பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்தால் சம்பளம் நின்றுவிடுமா?

நிற்காது, சரிக்கட்டப்படும். உதவித்தொகையின் அளவுக்கு விடுப்புச் சம்பளம் குறைக்கப்படும். ஆனால் அரைச் சம்பள விடுப்பில் கிடைக்கும் தொகைக்குக் கீழே அது இறங்கக் கூடாது என்பது விதி. அகவிலைப்படியைத் தள்ளி வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அடிப்படை ஊதியம் 70,000 ரூபாய் உள்ள ஒருவருக்கு மாதம் 40,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது என்று கொள்வோம். நேராகக் கழித்தால் 30,000 ரூபாய்தான் மிஞ்சும். ஆனால் அரைச் சம்பளம் 35,000 ரூபாய் என்பதால் அதற்குக் குறையாமல் அரசு தர வேண்டும். ஆகவே அவர் கையில் சேர்வது 35,000, 40,000 இரண்டும் கூடி 75,000 ரூபாய். உதவித்தொகையை ஏற்றால் நட்டம் என்று எண்ணி நல்ல வாய்ப்பை விட்டுவிடுவதற்கு முன் இந்தக் கணக்கைத் தம் சொந்த எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

விடுப்புக் காலம் பதவி உயர்வையும் ஓய்வூதியத்தையும் பாதிக்குமா?

பாதிக்காது. கல்வி விடுப்புக் காலம் ஆண்டு ஊதிய உயர்வு, பதவி உயர்வு, பணிமூப்பு, ஓய்வூதியம் அனைத்துக்கும் பணிக்காலமாகவே கணக்கில் கொள்ளப்படும். சம்பளமில்லா விடுப்பில் படிக்கப் போவதற்கும் முறையான கல்வி விடுப்பில் போவதற்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுவே. விண்ணப்ப வேலைக்கு அஞ்சி முதல் வழியைத் தேர்ந்தெடுப்போர், சம்பள இழப்பைத் தாண்டியும் இழக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகள் முடியும் முன் வேலையை விட்டால் என்ன ஆகும்?

பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் குடும்பத்தாரோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி இது. விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பாமல் விலகினாலும், திரும்பி மூன்று ஆண்டுகளுக்குள் விலகினாலும், படிப்பையே முடிக்காமல் போனாலும், அரசு செலவிட்ட விடுப்புச் சம்பளம், படிப்புப்படி, கட்டணம், பயணச் செலவு அனைத்தையும் திருப்பிச் செலுத்த வேண்டும். வெளிநாட்டு அரசோ அறக்கட்டளையோ அந்தப் படிப்புக்குச் செலவிட்ட தொகையும் இதில் சேரும். தொகையைத் திருப்பிச் செலுத்தும்படி அரசு கேட்கும் நாளிலிருந்து, அரசுக் கடன்களுக்குரிய விகிதத்தில் வட்டியும் உண்டு. இவ்வளவும் செலுத்தப்பட்ட பிறகே பதவி விலகல் ஏற்கப்படும்.

இரண்டரை ஆண்டுகள் பணியாற்றிவிட்டோம், மீதி ஆறு மாதத்துக்கு உரிய பங்கைக் கட்டினால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். விதியில் அப்படி விகிதாசாரக் கழிவு எதுவும் கூறப்படவில்லை. உண்மையில் செலவான தொகை என்றே உள்ளது. மாதம் 70,000 ரூபாய் அடிப்படை ஊதியம் உள்ளவர் 24 மாத விடுப்பில் பெற்ற அடிப்படை ஊதியம் மட்டுமே 16,80,000 ரூபாய். அகவிலைப்படி அதற்கு மேல்.

மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற அனுமதிக்கப்படுபவருக்கும், பொதுநலன் கருதி அரசின் கட்டுப்பாட்டிலுள்ள சட்டப்பூர்வ அல்லது தன்னாட்சி அமைப்பில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளப்படுபவருக்கும் இந்தத் திருப்பிச் செலுத்தல் இல்லை. ஆனால் படிப்பை முடிக்காதவருக்கு இந்த விலக்கு பொருந்தாது. உரிய வழியில் விண்ணப்பித்து வேறொரு மத்திய அல்லது மாநில அரசுப் பணிக்கு மாறுபவரிடம் பணம் கேட்பதற்குப் பதிலாக, எஞ்சிய காலத்தைப் புதிய பணியில் கழிக்கும்படி புதிய பத்திரம் பெறும் நடைமுறை உள்ளது. தனிப்பட்ட சூழ்நிலையைக் கருதித் தொகையைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ குடியரசுத் தலைவரின் பெயரால் ஆணையிடவும் விதி இடம் தருகிறது. துணையை இழந்தவர், கடும் நோயாளியைப் பராமரிப்பவர் போன்றோர் மௌனமாகக் கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன், இந்தப் பிரிவைச் சுட்டி மனுச் செய்ய வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம்.

விடுப்பு எடுக்காமல் மாலையிலோ தொலைநிலையிலோ படிக்க அனுமதி தேவையா?

தேவை. அலுவலக நேரத்துக்கு வெளியே படிப்பதை அரசு தடுப்பதில்லை. பணித்திறன் குறையக் கூடாது என்பதே அதன் அக்கறை. அனுமதி ஆணையைப் பெற்று, அதைப் பணிப்பதிவேட்டில் பதியச் செய்து, ஒரு படியைத் தம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டம் பெற்ற பிறகு அதைப் பதிவேட்டில் சேர்க்கக் கோரும்போது முதலில் கேட்கப்படுவது அந்த ஆணைதான்.

படிப்பு அங்கீகாரம் பெற்றதுதானா என்பதை அதில் சேர்வதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை மற்றும் இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவை. ஆனால் பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. தொலைநிலையில் பெற்ற பொறியியல் பட்டங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் அளித்த தீர்ப்பால், அவற்றை நம்பிப் பதவி உயர்வு பெற்றிருந்த பலரும் பெரும் துன்பத்துக்கு ஆளாயினர்.

சொந்தச் செலவில் படித்து முடித்தால் ஊக்கத்தொகை எவ்வளவு?

2019 மார்ச் மாத ஆணைப்படி, மூன்று ஆண்டுகள் வரையிலான பட்டம் அல்லது பட்டயத்துக்கு 10,000 ரூபாயும், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதற்கு 15,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. முதுநிலைப் பட்டம் அல்லது பட்டயம் ஓராண்டுக்குள் அடங்கியதாயின் 20,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதாயின் 25,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்கு 30,000 ரூபாய். பதவியின் நிலை எதுவானாலும் தொகை ஒன்றே.

பணியில் சேர்ந்த பிறகு பெற்ற தகுதியாக இருக்க வேண்டும். அந்தப் பதவியின் நியமன விதிகளில் கட்டாயத் தகுதியாகவோ விரும்பத்தக்க தகுதியாகவோ கூறப்பட்ட படிப்புக்கு ஊக்கத்தொகை இல்லை. அரசு அனுப்பிப் படித்ததற்கும், கல்வி விடுப்பில் படித்ததற்கும் இல்லை. பணிக்காலத்தில் இரண்டு முறைக்கு மேல் பெற முடியாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். பட்டம் பெற்ற ஆறு மாதத்துக்குள் கோரிக்கை அளிக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாமல், தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்தவுடனே விண்ணப்பிப்பது உகந்தது.

ஐந்தாறு ஆண்டுகள் இரவில் உழைத்து முனைவர் பட்டம் பெறுபவருக்கு 30,000 ரூபாய் என்பது போதுமான அங்கீகாரமாகத் தெரியவில்லை. இந்தத் தொகையை உயர்த்தக் கோருவது முழுக்க நியாயமானது என்பதே எங்கள் கருத்து.

கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டங்கள் எவை?

பணியாளர் மற்றும் பயிற்சித் துறை சில நீண்டகாலப் படிப்புகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. 1954-இல் நிறுவப்பட்ட புதுதில்லியின் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் நடத்தும் பத்து மாத உயர்நிலை நிர்வாகப் படிப்பு அவற்றில் பழமையானது. அதில் குடிமை அதிகாரிகளோடு முப்படை அதிகாரிகளும் சேர்ந்து பயில்கிறார்கள். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம் 2002-இல் தொடங்கிய பொதுக் கொள்கை மேலாண்மைப் படிப்பும் இத்துறையின் ஆதரவோடு நடந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில உள்நாட்டு நிதியிலிருந்தே உதவும் திட்டமும் உண்டு. இவற்றுக்குத் தனி அறிவிக்கை வெளியாகும். விண்ணப்பம் துறை வழியாகவே செல்ல வேண்டும். திரும்பியபின் பணியாற்றும் கட்டாயமும் உண்டு.

கீழ்நிலை ஊழியர்களுக்கு இதற்கு இணையாகத் திறந்திருப்பது கர்மயோகித் திட்டத்தின் ஐகாட் கர்மயோகி என்ற இணையவழிப் பயிற்சித் தளம். 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அந்தத் திட்டம், ஏறத்தாழ 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களை உள்ளடக்கும் நோக்கத்தோடு ஐந்து ஆண்டுகளுக்கு 510.86 கோடி ரூபாய் ஒதுக்கியது. தளத்திலுள்ள பாடங்கள் பயனுள்ளவை என்றாலும் அவை குறுகிய பயிற்சிகளே. ஒரு பட்டப்படிப்பின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது.

வெளிநாட்டு அமைப்பு உதவித்தொகை தந்தால் நேராக ஏற்கலாமா?

துறையின் முன் அனுமதி பெறாமல் ஏற்கக் கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010-இன்படி, அரசு ஊழியர் வெளிநாட்டில் இருக்கும்போது அந்நிய விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பயணச் சீட்டோ தங்குமிடமோ அந்த அமைப்பு தருவதானால் இது பொருந்துமா என்று துறையிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தோடு எவற்றை இணைக்க வேண்டும்?

படிப்பின் பெயர், நடத்தும் நிறுவனம், தொடங்கும் நாள், முடியும் நாள், எழுத வேண்டிய தேர்வு ஆகிய விவரங்கள், பாடத்திட்டம், சேர்க்கைக் கடிதம், பணியோடு உள்ள தொடர்பை விளக்கும் குறிப்பு ஆகியவை வேண்டும். நிரந்தரப் பணியில் இல்லாதவரின் ஒப்பந்தப் பத்திரத்தில் பிணையாளர்களும் கையெழுத்திட வேண்டும் என்பதால், அவர்களை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. படிப்பு முடிந்ததும் தேர்ச்சிச் சான்றிதழையும், படிப்பு தொடங்கி முடிந்த நாள்களைக் குறிக்கும் நிறுவனத் தலைவரின் சான்றையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். படிப்பு கெடுவுக்கு முன்பே முடிந்துவிட்டால் உடனே பணிக்குத் திரும்ப வேண்டும். எஞ்சிய நாள்களைத் தொடர விரும்புபவர் அதற்கான ஒப்புதலை முன்னதாகப் பெற்றிருந்தால் அவை சாதாரண விடுப்பாகக் கணக்கிடப்படும்.